விட்டுக்கொடுத்த வரியைக் கட்டியவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம்)



2019 நவம்பர் 16ஆம் திகதி நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச வெற்றி பெற்றார். இரண்டு வாரம் முடிவதற்குள், நவம்பர் 27ஆம் திகதி, புதிய அமைச்சரவை பெரும் வரிக்குறைப்பு ஒன்றுக்கு இணங்கியது. டிசம்பர் 1ஆம் திகதி முதல் பெறுமதி சேர் வரி (வற்) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. தேசக் கட்டுமான வரி இல்லாமற்போனது. வற் வரிக்குப் பதிவு செய்யவேண்டிய வியாபாரத்தின் வருடாந்தப் புரள்வு எல்லை 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்ந்தது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கப்பட்டுவந்த உழைக்கும்போதே செலுத்தும் வரி புத்தாண்டோடு நீங்கியது.

அடுத்த ஆண்டிலேயே அரசின் வரி வருமானம் 1,735 பில்லியன் ரூபாயிலிருந்து ஏறக்குறைய 1,217 பில்லியனாகச் சரிந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11.6 சதவீதமாக இருந்தது 8.1 சதவீதமானது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

வரிக்குறைப்பு, கடன் நிறுத்தம் ஆகிய இந்த இரண்டு திகதிகளுக்கு இடையிலும் அதற்குப் பின்னும் நடந்த அரசியல் வாதமே இன்றைய உரையின் பொருள். கடன் அதிகமா குறைவா, வரி நல்லதா கெட்டதா, செலவை வெட்டலாமா கூடாதா என்று மூன்று தனித்தனிச் சர்ச்சைகளாக இது பேசப்படுகிறது. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: செலவை யார் ஏற்பது, எப்போது ஏற்பது, யாருடைய சம்மதத்தோடு ஏற்பது? பாராளுமன்றத்தில் கணக்கு வைத்து விவாதிக்காமல் விட்டுக்கொடுக்கப்படும் வரியை, அந்தச் சலுகையில் பங்கே பெறாதவர்கள் பிற்காலத்தில் கூடுதலாகக் கட்ட நேர்கிறது என்பது இந்த உரையின் வாதம். இலங்கையின் ஐந்தாறு ஆண்டு வரலாற்றிலிருந்து ஐந்து குறிப்புகளாக அதை முன்வைக்கலாம்.

1. வரிக்குறைப்பும் ஒரு செலவே

வரிக்குறைப்புக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட நியாயத்தைப் புறந்தள்ள வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் சுற்றுலாத்துறை படுத்துவிட்டது. வியாபாரம் மந்தமாக இருந்தது. அதற்கு முந்தைய அரசு, சர்வதேச நாணய நிதியத்தின் 2016ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் வரிகளை உயர்த்தி, வட்டிக்கு முந்திய கணக்கில் சிறு மிகையையும் காட்டியிருந்தது. அந்த வரிச்சுமையில் மக்கள் சலித்திருந்தார்கள். வரியைக் குறைத்தால் மக்கள் கையில் பணம் புழங்கும், தொழில் வளரும், வளர்ச்சியே வருமானத்தை மீட்டுத் தரும் என்று புதிய அரசு சொன்னது.

ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய செலவுத் தாள் வரவேயில்லை. வருமானத்தில் இவ்வளவு குறையும், ஆகவே இன்ன செலவைக் குறைப்போம் என்ற கணக்கு பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, பாதுகாப்புச் செலவு எல்லாம் இருந்தபடியே இருந்தன. அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, இந்த வாக்குறுதி நாட்டை வங்குரோத்துக்குக் கொண்டுபோகும் என்று தேர்தல் பிரசாரக் காலத்திலேயே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை தேர்தல் பேச்சாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. 2021 ஆகஸ்டில் அவர் காலமானார்.

யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை ஒரு சம்பளச் சீட்டில் பார்க்கலாம். மாதம் 2 இலட்சம் ரூபாய் வாங்கும் ஓர் அதிகாரி 2019இல் மாதம் 6,000 ரூபாய் வருமான வரி கட்டினார். மாத வரிவிலக்கு எல்லை 1 இலட்சத்திலிருந்து 2½ இலட்சமாக உயர்ந்தபின் அவர் கட்டவேண்டியது பூச்சியம். மாதம் 10 இலட்சம் வாங்குபவருக்கு அதைவிடப் பன்மடங்கு மிச்சம். மாதம் 40,000 ரூபாய் வாங்கும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு வருமான வரியில் எதுவும் மிஞ்சவில்லை. அவர் முன்பும் அதைக் கட்டவில்லை. அவருக்கு வந்திருக்க வேண்டியது வற் குறைப்பின் பலன். அது கடைக்காரர் விலையைக் குறைத்தால் மட்டுமே வரும்.

கடைக்காரர் குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனி சாட்சி. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி நள்ளிரவு முதல், ஒரு கிலோ சீனிக்கான விசேட பண்ட வரி 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கேற்பச் சில்லறை விலை இறங்கவில்லை. அரசுக்கு ஏற்பட்ட இழப்பு ஏறக்குறைய 16 பில்லியன் ரூபாய் என்று பின்னர் பாராளுமன்றக் குழுவின் முன் கணக்குக் காட்டப்பட்டது. அந்தப் பணம் தேநீர் குடிப்பவரைச் சென்றடையவில்லை, இறக்குமதியாளரிடமே தங்கிவிட்டது.

2. இல்லாமற்போன வரி, வேறு பெயரில் வசூலானது

வருமானம் குறைந்து செலவு குறையாத அரசுக்கு மூன்று வழிகள் உண்டு: வெளிநாட்டில் கடன், உள்நாட்டில் கடன், மத்திய வங்கியின் பணம். முதல் வழி விரைவில் அடைபட்டது. 2019 டிசம்பரிலிருந்தே தரப்படுத்தல் நிறுவனங்கள் எதிர்மறை நோக்கை வெளியிடத் தொடங்கின. 2020இல் தரம் அடுத்தடுத்து இறங்கியது. 2007இல் 500 மில்லியன் டொலர் முறியோடு தொடங்கிய சர்வதேசச் சந்தைக் கடன் அத்துடன் நின்றது.

2020இலேயே கொரோனாவும் வந்தது. நெருக்கடி முழுவதற்கும் வரிக்குறைப்பு ஒன்றே காரணம் என்பது நியாயமாகாது. பெருந்தொற்று எல்லா நாட்டு வருமானத்தையும் தாக்கியது. ஆனால் அந்த அடி விழுந்த வேளையில் தாங்குவதற்கு வைத்திருந்த முட்டுக்கம்பை இலங்கை மூன்று மாதம் முன்னதாகத் தானே உருவி எறிந்திருந்தது. 2020இல் அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது.

எஞ்சியது மத்திய வங்கி. 2019 இறுதியில் அதன் கையில் இருந்த அரச பிணையங்களின் மதிப்பு 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 இறுதியில் அது 2,500 பில்லியனைத் தாண்டியது. பொருள் பெருகாமல் பணம் பெருகினால் விலை ஏறும். டொலர் கையிருப்பும் கரைந்துகொண்டிருந்ததால் ரூபாயின் மதிப்பும் விழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 செப்டம்பரில் ஓராண்டுக்குள் 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 சதவீதத்துக்கும் மேல்.

பணவீக்கம் எந்தச் சட்டமும் இல்லாமல் வசூலாகும் வரி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் 1,000 ரூபாயானது. 2024 செப்டம்பர் வரை அந்த அடிப்படைத் தொகை மாறவில்லை. இடையில் மாவும் மண்ணெண்ணெயும் மருந்தும் இரட்டிப்பாகின. சில அதற்கும் மேல் போயின. 2021 செப்டம்பரில் 1,500 ரூபாய்க்குள் கிடைத்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். கொழுந்து பறிக்கும் ஒருவரின் ஐந்து நாள் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு அது. 2019இல் வரிச்சலுகை பெற்றவர்களின் பட்டியலில் அவர் இல்லை. அதைத் திருப்பிக் கட்டியவர்களின் பட்டியலில் முதல் வரிசையில் இருந்தார்.

3. யாருக்கு முதலில் கொடுப்பது

2022 ஜனவரியில் நாடு ஒரு தெரிவின் முன் நின்றது. ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் சர்வதேச முறி முதிர்வடையவிருந்தது. கையிருப்பு ஏற்கனவே வறண்டிருந்தது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்தது 2021 இறுதியில் 3.1 பில்லியன், அதிலும் ஒரு பெரும் பகுதி சீன நாணயப் பரிமாற்று வசதியாகக் கணக்கில் நின்ற தொகை.

முறிதாரர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தி, கடனை மறுசீரமைக்கப் பேசுங்கள். இருக்கும் டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று எதிர்க்கட்சியிலிருந்தும் பொருளியலாளர்களிடமிருந்தும் குரல்கள் எழுந்தன. இலங்கை இதுவரை ஒரு தவணையையும் தவறவிட்டதில்லை, அந்தப் பெயரைக் காப்பாற்றுவோம் என்பது அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ராலின் நிலைப்பாடு. பணம் உரிய நாளில் கொடுக்கப்பட்டது.

மார்ச் மாதத்தில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மாத இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. பெற்றோல் வரிசையில் நின்ற முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்திகள் வந்தன. ஏப்ரலில் புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க பொறுப்பேற்றுச் சில நாட்களில் கடன் செலுத்துகை நிறுத்தப்பட்டது. கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய டொலர் 50 மில்லியனுக்கும் குறைவு என்று மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னார்.

வாக்குத் தவறாமை ஒரு நாட்டுக்குத் தேவையான குணம்தான். அதைக் குறை சொல்வது இங்கு நோக்கமில்லை. ஆனால் அரசுக்கு இருந்தது ஒரு வாக்கு மட்டுமில்லை. நியூயோர்க் சட்டத்தின் கீழ் எழுதிய முறி ஒரு வாக்கு. ஆஸ்பத்திரியில் இன்சுலின் இருக்கும் என்பதும் ஒரு வாக்கு. முதலாவதற்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். இரண்டாவதற்கு வரிசை மட்டுமே இருந்தது. எதை முதலில் காப்பது என்பது நாட்டின் மிகப்பெரிய அரசியல் தீர்மானம். அது மத்திய வங்கியின் சபை அறையில் எடுக்கப்பட்டது. பாராளுமன்ற வாக்கெடுப்பில் எடுக்கப்படவில்லை.

4. வரி திரும்பிவந்தபோது

2022 ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிந்தெடுத்தது. 2023 மார்ச் 20ஆம் திகதி நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அது இலங்கை பெற்ற 17ஆவது நாணய நிதியத் திட்டம். வருமானத்தை உயர்த்துவதே அதன் முதுகெலும்பு.

வற் வரி 2022 ஜூனில் 12 சதவீதம், செப்டம்பரில் 15 சதவீதம், 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். அதே நாளில் எரிவாயு, பெற்றோல், டீசல், நூல்கள் உட்படப் பல பொருள்கள் விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. வடக்குக் கரையோரத்தில் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. மின்சாரக் கட்டணம் அதே மாதத்தில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது.

முன்பு சொன்ன 2 இலட்சம் ரூபாய் சம்பளக்காரருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 10,500 ரூபாய் வரி. அவரும் வீதிக்கு இறங்கினார். வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் வங்கியாளர்களும் அந்த மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. விலைவாசி ஏறக்குறைய இரட்டித்திருக்க, வரிவிலக்கு எல்லை மட்டும் பழைய 1 இலட்சத்துக்கே திரும்பியிருந்தது. 2019இல் அந்த 6,000 ரூபாயை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் 10,500 ரூபாய் கேட்கவேண்டி வந்திருக்குமா என்பதே அங்கு எழுப்பியிருக்கவேண்டிய கேள்வி.

வீதிக்கு இறங்க முடியாதவர்களின் பங்கு இன்னும் கனமானது. 2023 ஜூலை 1ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் தீர்மானத்தைப் பாராளுமன்றம் 122க்கு 62 என்ற வாக்கில் நிறைவேற்றியது. திறைசேரி முறிகளை வைத்திருந்தவர்களில் வங்கிகள் இதிலிருந்து விலக்கப்பட்டன. வைப்பாளர்களின் பணம் ஆபத்துக்குள்ளாகும், வங்கிகள் ஏற்கனவே அதிக வரி கட்டுகின்றன என்று அரசு காரணம் சொன்னது. வங்கி சரிந்தால் ஏழையின் சேமிப்பும் சேர்ந்தே போகும் என்பதால் அந்தக் காரணத்துக்குக் கனம் உண்டு. சுமை ஓய்வூதிய நிதியங்களின் மேல், எல்லாவற்றிலும் பெரிதான ஊழியர் சேமலாப நிதியத்தின் மேல் இறங்கியது. பழைய முறிகளைக் கொடுத்து, 2026 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் முறிகளை ஏற்கவேண்டும். ஏற்காவிட்டால் நிதியத்தின் வருமானத்தின் மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும்.

அந்த நிதியம் யாருடையது? அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையில் வேலை செய்பவருக்கு, ஆடைத் தொழிலாளிக்கு, தோட்டத் தொழிலாளிக்கு முதுமையில் இருக்கும் முதன்மையான காசு இதுதான். தன் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் மாதாமாதம் அதில் சேர்கின்றன. 2022ஆம் ஆண்டுக்கு அந்த நிதியம் அறிவித்த வட்டி 9 சதவீதம். ஆண்டுத் தொடக்கத்தில் கணக்கில் இருந்த 100 ரூபாய் ஆண்டு முடிவில் 109 ரூபாய். அதே 100 ரூபாய்ப் பொருளை வாங்க டிசம்பரில் 157 ரூபாய் தேவைப்பட்டது. இவ்வளவு இழந்த சேமிப்பின் மேல்தான் மறுசீரமைப்பும் வந்தது. உறுப்பினர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. நிதியத்தை நிர்வகிப்பது மத்திய வங்கி.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தக்கூடாது. இந்தக் கடும் நடவடிக்கைகளுக்குப் பயன் இருந்தது. 2022இல் 7.3 சதவீதம் சுருங்கிய பொருளாதாரம் 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. பணவீக்கம் அடங்கியது. வரிசைகள் மறைந்தன. வரியே வேண்டாம் என்று முழங்கியவர்களிடமும், கடனைக் கட்டவே கூடாது என்றவர்களிடமும் அந்த 13 மணி நேர இருளுக்கு விடை இருக்கவில்லை. மீட்சிக்கு வரி தேவைப்பட்டது. யாரிடமிருந்து எடுத்தோம் என்பதில்தான் பிழை நேர்ந்தது. நேரடி வரியை விரைவாக விரிவாக்க முடியாத நிர்வாகம், எளிதில் வசூலாகும் வற் வரியையும் எளிதில் மறுக்க முடியாத சேமலாப நிதியத்தையும் நாடியது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நிவாரணம் குடும்பத்தின் நிலைக்கேற்ப மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை தந்தது. ஆனால் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் பிரதேச செயலகங்களின் வாசலில் திரண்டார்கள்.

5. 148ஆம் உறுப்புரை

இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்குத் தருகிறது. இந்த அதிகாரம் வரியை உயர்த்தும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. 2016 மே மாதம் வற் வரி 11 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தப்பட்டபோது, உரிய சட்டம் நிறைவேறவில்லை என்று உயர் நீதிமன்றம் ஜூலையில் அதை இடைநிறுத்தியது. சட்டம் கொண்டுவந்த பின்னரே, நவம்பர் 1 முதல், அது மீண்டும் நடைமுறையானது.

2019இல் வரி குறைந்தபோது அந்தக் கண்டிப்பு எங்கும் தென்படவில்லை. வர்த்தமானிகளும் திணைக்கள அறிவித்தல்களுமே போதுமாக இருந்தன. 2020 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. புதியது ஆகஸ்டில்தான் கூடியது. 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்த வருமான வரி மாற்றங்கள் சட்டமானது 2021 மே மாதத்தில். அரசின் வரி வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டிய தொகையைக் கைவிடும் தீர்மானத்தை மக்கள் பிரதிநிதிகள் விவாதிக்கத் தொடங்கியபோது அந்தப் பணம் போய்ச் சேர்ந்திருந்தது.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஒரு தீர்ப்பை வழங்கியது. முன்னாள் ஜனாதிபதிகள் கோட்டாபய, மகிந்த ராஜபக்ச, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ச, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்டோர் பொது நம்பிக்கையை மீறி, மக்களின் அடிப்படை உரிமையைப் பாதித்தார்கள் என்பது அதன் சாரம். வழக்காடியவர்களுக்குச் செலவுத்தொகையாக 150,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. முறிந்த சேமிப்புக்கு ஈடு கேட்கும் வழி அந்தத் தீர்ப்பில் இல்லை. நடந்து முடிந்த பின் நீதிமன்றம் செய்யக்கூடியது அவ்வளவே. முன்கூட்டித் தடுக்கக்கூடிய இடம் பாராளுமன்றம்.

அவையோரே, இனி எதைச் செய்யலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி நிறைவு செய்யலாம்.

2024ஆம் ஆண்டின் பொது நிதி முகாமைச் சட்டம் அரசின் வட்டி தவிர்ந்த செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. செலவுக்கு வரம்பு உண்டு. வரிச்சலுகைக்கு அத்தகைய வரம்பு இல்லை. அபிவிருத்தியின் பெயரால் தனித்தனி நிறுவனங்களுக்கு நீண்டகால விலக்கு வழங்கும் சட்டங்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. 2021இல் வந்த கொழும்பு துறைமுக நகரச் சட்டம் 40 ஆண்டு வரை விலக்குத் தர இடமளித்தது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பூட்டும் பூட்டை, சலுகைக்கும் பூட்டவேண்டும் என்று கேட்பதற்கு இடதுசாரியாகவோ வலதுசாரியாகவோ இருக்கத் தேவையில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். எந்த வரியைக் குறைத்தாலும், அதனால் குறையும் வருமானத்தையும் அதற்கு ஈடாக வெட்டப்படும் செலவையும் ஒரே தாளில் பாராளுமன்றத்தில் வைத்த பின்னரே அது நடைமுறைக்கு வரவேண்டும். விசேட பண்ட வரி போன்றவற்றை வர்த்தமானியால் மாற்றினால், குறுகிய கெடுவுக்குள் சபையின் அங்கீகாரம் கிடைக்காவிட்டால் அது தானாக இரத்தாகவேண்டும். ஊழியர் சேமலாப நிதியத்தின் முதலீட்டுத் தீர்மானங்களில் உறுப்பினர்களின் பிரதிநிதிகளுக்கு வாக்கு இருக்கவேண்டும்.

இதற்குக் கால எல்லையும் உண்டு. நாணய நிதியத் திட்டம் 2027இல் முடிகிறது. இருதரப்புக் கடன் கொடுத்த நாடுகளுக்குக் கடனின் முதலைத் திருப்பிச் செலுத்துவது 2028இல் தொடங்குகிறது. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும். திட்டத்தின் கண்காணிப்பு விலகி, தவணை தொடங்கி, வாக்குறுதிகள் மேடையேறும் அந்த ஆண்டுகளுக்கு முன்னதாக மேற்சொன்ன மூன்றும் சட்டமாகவேண்டும். இங்கு அமர்ந்திருக்கும் பொருளியல், சட்டத்துறை மாணவர்கள் ஒரு காரியம் செய்யலாம். நிதியமைச்சு வெளியிடும் வரிச்சலுகை அறிக்கையை எடுத்து, எந்தத் துறைக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பதை எளிய தமிழில் எழுதி, உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருக்கு வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்கு முன் அனுப்புங்கள். அவர் சபையில் அதைப் பற்றி என்ன பேசினார் என்பதைப் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் பாருங்கள்.